சாவு சொல்லும் குரல்

எங்கள் ஊர் மரண உதவிச் சங்கத்தில் எனக்கென்று ஒரு வேலை இருக்கிறது. யாராவது காலமானால் ஆட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு வவுணதீவுப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் போய் அறிவிப்பது. மற்றவர்கள் கூடாரம் அடிப்பார்கள், கதிரை சுமப்பார்கள், கோப்பி ஊற்றுவார்கள். எனக்கு முதுகு சரியில்லை, குரல் மட்டும் மிச்சம். மனைவி காலமாகி, மகளும் கனடாவுக்குப் போன பிறகு வீட்டில் பேச ஆளில்லை. மைக்கிலாவது பேசலாமே என்றுதான் சேர்ந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஆனால் சனம் பொல்லாதது. கொஞ்ச வருடத்தில் என்னை ஒரு சகுனமாக்கிவிட்டார்கள். கடையில் போய் நின்றால், "ஆர் போயிட்டாங்க?" என்று கேட்கிறார்கள். சீனி வாங்க வந்தேன் என்றால் நம்புவதில்லை. கலியாண வீட்டில் எனக்குப் பக்கத்துக் கதிரை கடைசி வரை காலியாகவே கிடக்கும். உங்கள் வீட்டுச் சாவையும் நான்தானே சொல்ல வேண்டும் என்று வாய் வரை வரும். விழுங்கிக்கொள்வேன்.

அப்படி நினைக்காதவன் ஒருவன்தான். எங்கள் வயல்வட்டையில் அவன் வயலுக்கும் என் வயலுக்கும் நடுவே ஒரு வரம்புதான். உறவு ஒன்றுமில்லை, ஆனாலும் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். பின்னேரங்களில் வாவிக்கரையில் உட்கார்ந்து ஊர் வம்பெல்லாம் அளப்போம். "நான் செத்தா ஒழுங்காச் சொல்லு மச்சான், மூக்கால பேசாத" என்று கிண்டல் பண்ணுவான்.

போன மாரியில் அவனுக்கு ஈரல் வருத்தம் கூடிப்போய், இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கேள்விப்பட்ட அன்றே தோடம்பழம் வாங்கிக்கொண்டு போனேன். அவன் மனைவி என்னை வாசற்படலையிலேயே மறித்தாள். அழுத கண்.

"குறை நினைக்காதீங்க அண்ணன். உங்களக் கண்டா அவருக்கு எல்லாம் விளங்கிரும். நாங்க இன்னும் ஒண்டும் சொல்லல்ல."

"நான் சும்மா பாக்கத்தான் வந்தன், தங்கச்சி. ஒருக்கா முகத்தக் காட்டிட்டுப் போறன்."

"வேணாம் அண்ணன். பிள்ளைகளும் பயப்படுதுகள்."

பழப்பையை அவள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். அடுத்த கிழமையும் போனேன். அதே பதில். உள்ளே அவன் இருமுவது படலைக்குக் கேட்டது. நான் "மச்சான்" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் அவனுக்கும் கேட்டிருக்கும். அந்தக் குரலுக்குத்தானே இவ்வளவு பயம். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். வழி நெடுக அழுகையும் ஆத்திரமும் மாறி மாறி வந்தன.

தை பிறந்து கொஞ்ச நாளில் ஒரு காலை சங்கத்து ஆட்டோ என் வாசலில் வந்து நின்றது. போனது அவன்தான். வேறு ஆளைப் பிடியுங்கள் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. இன்னாரின் கணவர், இன்னாரின் தகப்பன் என்று பழுகாமம் வரை சொல்லி முடித்தேன். குரல் நடுங்கவில்லை. அன்று சோறு மட்டும் இறங்கவில்லை.

எட்டாம் நாள் காரியத்துக்குப் போனபோது அவன் மனைவி என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"கடைசியில உங்களத்தான் கேட்டுக்கிட்டு இருந்தவர், அண்ணன். எங்க அவனக் காணல்ல எண்டு."

"நீ என்ன சொன்னாய்?"



"நீங்க வரல்ல எண்டன்."

அவளைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. நான் படலை வரை வந்தது தெரியாமலே அவன் போய்விட்டான்.