வேலியில் மிஞ்சிய செங்காந்தள்

கல்லூரியில் இரண்டு காட்டுப்பூக்களை ஒப்பிட்டு எழுதச் சொன்னார்கள். நான் ஆவாரையையும் செங்காந்தளையும் எடுத்துக்கொண்டேன். ஆவாரை அவரைக் குடும்பம், நம் வறண்ட நிலத்துச் செடி. செங்காந்தள் வேறு குடும்பம், ஆப்பிரிக்கா வரை பரவியது. அட்டவணையின் கடைசிக் கட்டத்தில் இரண்டுக்கும் ‘அழியும் ஆபத்து குறைவு’ என்று புத்தகத்தைப் பார்த்து எழுதிவிட்டேன். இனி காயவைத்துத் தாளில் ஒட்டிக் கொடுக்க வேரோடு வகைக்கொரு செடி வேண்டும், அவ்வளவுதான்.

ஆவாரை பஸ் ஸ்டாப் பக்கத்திலேயே கிடைத்தது. செங்காந்தளுக்காக வேடசந்தூர்ப் பக்கம் மூன்று ஞாயிறு வெயிலில் அலைந்தேன். அது படரும் உயிர்வேலி இருந்த இடமெல்லாம் இப்போது கம்பிவேலி. எரிச்சலில் அழுகையே வந்தது.

நாலாவது ஞாயிறு, ஒரு வேலியோரம் முள் போட்டு அடைத்த இடத்துக்குள் சிவப்பாக ஒரு பூ தெரிந்தது. முள்ளை இழுத்துப் போட்டுவிட்டு, கை கீறிய கோபத்தோடு செடியைக் கிழங்கோடு பிடுங்கினேன்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அக்கா ஓடிவந்தார்.

“ஏம்மா, அதையா புடுங்குன? ஆடு தின்னா செத்துப்போகும்னு நான்தான் முள்ளு வச்சு அடைச்சேன்.”

“விஷம்னு தெரிஞ்சும் ஏங்க்கா விட்டு வச்சீங்க?”

“இம்புட்டு அழகா பூக்குது, புடுங்க மனசு வரல. இந்தப் பக்கம் மிஞ்சுனது இது ஒண்ணுதான்.”

திரும்ப நட்டுவிடலாம் என்று குனிந்தேன். கிழங்கின் முளைக்கிற நுனி ஒடிந்து மண்ணில் கிடந்தது.

முழு மதிப்பெண் கொடுத்தார்கள். ‘ஆபத்து குறைவு’ என்று நான் எழுதியது உலகத்துக்குச் சரிதான். அந்த வேலிக்கு வந்த ஆபத்து நான்.