குலவைக்கு விட்ட இடம்

காமராஜ் தன் மகளுக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தது கணக்கு எழுதக் கற்றுக்கொள்ளத்தான். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருந்த அவருடைய தங்கை மகன் முகேஷ்குமார், "பானு டேலி படிக்கட்டுங்க மாமா, நம்ம மண்டியிலயே உக்கார வச்சிரலாம்" என்று சொல்லியிருந்தான். வடமதுரைப் பக்கம் கத்தரியும் முருங்கையும் போட்டுப் பிழைக்கிற குடும்பத்துக்கு, மகள் வெயில் படாமல் நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிப்பது என்றால் கசக்குமா? பெட்டி வந்தது. குங்குமம் வைத்தார்கள். பானுப்ரியா டேலியைத் திறந்தாள், கொட்டாவி விட்டாள், மூடினாள்.

அவள் மனசு வேறெங்கோ கிடந்தது. திண்டுக்கல்லில் ஒரு கல்யாணத்தில் ஜமால் முகமது புதிதாக இறக்கிய ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகளைக் கேட்டிருந்தாள். சுற்றுவட்டாரத்துக்கே மைக் செட் போடுகிறவர் அவர். அன்றைக்கு அவர் போட்ட வெளிநாட்டு ஆட்ட இசையில் பாட்டு என்று ஒரு வரி இல்லை. வெறும் டும், டும், டும், டும். நடுவில் எல்லாம் ஒரு கணம் நின்றுபோகும், பிறகு தடால் என்று அடி இறங்கும். அந்த அடி அவள் நெஞ்சுக்கூட்டில் வந்து இடித்தது. திரும்பும் வழியெல்லாம் பஸ் கம்பியில் தட்டிக்கொண்டே வந்தாள். இதே மாதிரி ஒன்றை நாமே செய்ய வேண்டும், நம்ம ஊர் முளைப்பாரித் திருவிழாவில் பெண்கள் கும்மி கொட்டும்போது அது ஒலிக்க வேண்டும். இருபது வயசில் ஆசைக்கு அளவேது!

காமராஜுக்கு விஷயம் தெரிந்தபோது வாயில் இருந்த வெற்றிலை புரையேறிவிட்டது.

"ஏத்தா, கணக்கு எழுதுற பொட்டியில கொட்டு அடிக்கவா போற?"

"ஒரே ஒரு பாட்டுப்பா. ஜமால் பாய் போடுறேன்னுட்டாரு."

"சரி. முளப்பாரி அன்னைக்கு ஒன் கொட்டுக்கு ஊரு ஆடுச்சுன்னா பொட்டி ஒனக்கு. ஆடலைன்னா மறுநாளே முகேசு மண்டிக்குப் போயிரும். அவனுக்கு ஒண்ணு வேணுமாம், கேட்டுக்கிட்டே இருக்கான்."

சொன்ன சொல்லை மாற்றுகிற ஆள் இல்லை அவர். பானு அடுத்த பஸ்ஸில் திண்டுக்கல் போய் ஸ்டான்லி கடையில் நின்றாள். ஸ்டான்லி கம்ப்யூட்டர் சரிபார்ப்பவன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் கீபோர்டு வாசிப்பவன். இசை சாஃப்ட்வேர் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், சோறு தண்ணி மறந்துவிடுவான்.

மூன்று காட்டினான். மூன்றுக்கும் பானு அங்கேயே பேர் வைத்துவிட்டாள். முதலாவது மினுக்கி: வண்ண வண்ணக் கட்டங்கள், தட்டினால் விளக்கு எரியும், தட்டிய இடத்தில் தாளம் பேசும். காசு கட்டாமல் கிடைக்கிற டெமோ பதிப்புதான், ஆனால் என்ன சத்தம்! இரண்டாவது யானை, பெரிய ஸ்டூடியோக்காரர்கள் கட்டித் தீனி போடுவது, இவளுடைய கம்ப்யூட்டரில் ஏற்றினால் பெட்டி படுத்துவிடும். மூன்றாவது மொட்டை. சும்மா கிடைப்பது, கறுப்புத் திரையில் மேலிருந்து கீழே எண்களாக ஓடியது.

"இது என்னண்ணே, பஸ் ஸ்டாண்டு போர்டு மாதிரி இருக்கு?" என்று சிரித்துவிட்டு மினுக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அழகில் மயங்காதவர் யார்?

அந்த வருசம் தமிழ்நாட்டில் கரண்ட் சொன்ன நேரத்திலும் போகும், சொல்லாத நேரத்திலும் போகும். ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பாட்டைப் பின்னி, அப்போதைக்கப்போது சேமித்தும் வைத்தாள். கடைசிக் கைதட்டல் சத்தத்தை வைக்கும்போது ஃபேன் நின்றது, திரை இருண்டது. போகட்டும், சேமித்திருக்கிறோமே என்று காத்திருந்தாள். கரண்ட் வந்ததும் திறந்தால், காசு கட்டினால்தான் பழைய பாட்டைத் திறக்க விடுவேன் என்றது மினுக்கி. பானு தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதாள். திருவிழாவோ நெருங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் ஸ்டான்லி கடையில் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்: "அது கிணுகிணுங்குது, இது ஜிலுஜிலுங்குதுன்னு அம்புட்டுச் சொன்னியேண்ணே. கரண்டு போனா பாட்டு இருக்குமா இருக்காதா? அத யாரு சொல்றது?"

ஸ்டான்லி தலையைச் சொறிந்தான். இத்தனை வருசத்தில் ஒருவரும் அவனிடம் அப்படிக் கேட்டதில்லை. "மொட்டைதான் அதுக்குத் தோது. செத்த நேரத்துக்கொருக்க அதுவே எழுதி வச்சுக்கிரும். தொறக்கவும் காசு கேக்காது" என்றான்.

மொட்டை படுத்திய பாட்டைச் சொல்லி மாளாது. ஒவ்வொரு அடிக்கும் ஓர் எண்ணைத் தட்ட வேண்டும். ஆனால் கரண்ட் போய்ப் போய் வந்தாலும் பாட்டு அப்படியே கிடந்தது, பானுவுக்கு அதுவே போதும். எட்டு அடிக்கு ஒருமுறை தாளத்தை நிறுத்தி, அந்த இடத்தில் தன் அம்மா அய்யம்மாளின் குலவையை வைக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. ஊரிலேயே நீளக் குலவை அய்யம்மாளுடையது. அவளோ முடியவே முடியாது என்றாள்.

"சாமி இல்லாத எடத்துல சும்மா குலவ போடுறதா? சாமி குத்தமாயிரும்டி. முளப்பாரி தூக்குற அன்னைக்குன்னா போடுறேன்."

அன்றைக்குக் காலையில் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து மைக் முன்னால் நின்று போட்டாள் பாருங்கள், கூரையில் இருந்த அணில் ஓடிவிட்டது! பானு திரும்பி மௌசைத் தொட்டாள். மொட்டை அதை எழுதி வைப்பதற்குள் கரண்ட் போனது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

மறுபடி கரண்ட் வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது, அய்யம்மாள் கோயிலுக்குப் போய்விட்டாள். தாளம் இருந்தது, குலவை இல்லை. அது வர வேண்டிய இடங்களெல்லாம் ஓட்டையாகக் கிடந்தன. இனி என்ன செய்ய? ஓட்டையோடேயே சிடியில் ஏற்றிக்கொண்டு ஓடினாள். ஜமால் முகமது வாங்கிப் போட்டார்.

டும், டும், டும், டும். முளைப்பாரிச் சட்டிகளைச் சுற்றி நின்ற பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒரு கையும் எழவில்லை. அரசமரத்தடியில் காமராஜ் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எட்டு அடி முடிந்தது. சத்தம் நின்றது. கரண்ட் போய்விட்டதோ என்று கூட்டம் விளக்கை அண்ணாந்து பார்த்தது. இதோடு எல்லாம் போச்சு என்று பானு கண்ணை மூடிக்கொண்டாள்.

கும்மியில் கொட்டு ஓய்ந்த இடத்தில் குலவை போட்டே பழகியவள் அய்யம்மாள். அவள் யோசிக்கவெல்லாம் இல்லை. நாக்கு தானாகச் சுழன்றது. அவள் குலவை முடியவும், தடால் என்று அடி இறங்கவும் சரியாக இருந்தது.

"ஆத்தாடி!" என்று யாரோ கத்தினார்கள். இரண்டாவது ஓட்டையில் பத்துப் பேர் குலவை போட்டார்கள். மூன்றாவதில் ஊரே போட்டது. அடி இறங்க இறங்கப் பெண்கள் வட்டம் குனிந்து நிமிர்ந்து சுழன்றது, கை கொட்டியது, வேர்த்துக் கொட்டியது. நூறு பெண்கள் போடுகிற குலவையை எந்த மைக் பிடிக்கும், எந்தப் பெட்டி தாங்கும்? பாட்டு முடிந்ததும் மறுபடி போடச் சொல்லி ஜமால் முகமதுவின் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். பானு அழுதுகொண்டே சிரித்தாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்த் திருவிழாக்களுக்கு அவள் ஆட்ட இசை செய்து கொடுத்தாள். நல்ல சாஃப்ட்வேர்கள், யானை உட்பட, வீடு தேடி வந்தன. ஆனால் குலவைக்கு விட்ட இடத்தை மட்டும் அவள் எதிலும் நிரப்பியதே கிடையாது.

முளைப்பாரி அன்றைக்கு அரசமரத்தடியிலிருந்தே காமராஜ் செல்போனை எடுத்தார். "ஏலே முகேசு, பொட்டி வாரதுக்கில்ல. ஒனக்கு வேற பாத்துக்க. ஏனா? இங்க அதுக்கு வேல கெடக்குலே" என்று சொல்லி வைத்துவிட்டார். மறுநாள் கடை திறக்குமுன்பே ஸ்டான்லி கடை வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, கரண்டு போனாலும் கம்ப்யூட்டரச் செத்த நேரம் தாங்கிப் பிடிக்கிற பேட்டரிப் பொட்டி ஒண்ணு இருக்காமே," என்றார். "அதுல நல்லதா ஒண்ணு எடு."