பெரியவங்க மருந்து

அப்பா சிங்கப்பூரிலிருந்து வந்து பெட்டியைத் திறந்ததும் முதலில் எழும்புவது கோடாலித் தைல வாசனைதான். அதன் பின்னால் சோப்பு, சாக்லேட், புதுத்துணி எல்லாம் மணக்கும். அடியில் லுங்கியில் சுற்றிய ஒரு பாட்டில் இருக்கும்; அதை மட்டும் அம்மா தன் கையாலேயே எடுத்துப் பீரோவில் வைப்பாள். என்னவென்று கேட்டால் "மருந்து" என்பாள்.

சாயங்காலம் வாய்க்காலில் குளித்துவிட்டு வந்து அப்பா அந்த மருந்தைக் குடிப்பார். குடித்ததும் எங்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கப்பல், கிரேன் என்று கதை கதையாகச் சொல்லிச் சிரிப்பார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வரும் மனிதர் இப்படிச் சிரிக்க அந்த மருந்துதான் காரணமென்றால், அதைவிட நல்ல மருந்து ஏது என்று நானும் தம்பி செல்வமும் நம்பியதில் என்ன தப்பு?

அவன் அஞ்சாம் வகுப்பு முடித்த கோடையில், வயிற்றுவலி என்று பீரோவைத் திறந்து ஒரு மூடி ஊற்றிக் குடித்துவிட்டான். கண்ணில் நீர்வழிய இருமிக்கொண்டு நின்றவன் முதுகில் அம்மா நாலு வைத்தாள்; பிறகு கட்டிக்கொண்டு அழுதாள். அப்பாவும் அப்போது வீட்டில்தான் இருந்தார். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். பச்சப்புள்ளயிடம் போய் இதையெல்லாமா பேசுவது என்று இருவருமே கூசிப்போனார்கள். அம்மா சொன்னது இவ்வளவுதான்: "அது பெரியவங்க மருந்துப்பா. சின்னப்புள்ளைங்க தொடக் கூடாது."

அந்த ஜூனில் அவன் ஆறாம் வகுப்புக்குப் பூதலூர் போனான். புதுப்பையை மாட்டிவிட்டு அதே அம்மா, "பெரிய ஸ்கூலுக்குப் போற, இனிமே நீ பெரியவன்" என்று பூரித்தாள். அவன் இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொள்வான் என்று யார் கண்டது? ஆற்றங்கரையில் மேல்வகுப்புப் பையன்கள் பாட்டிலை நீட்டியபோது தனக்குப் பயமே வரவில்லை, நம் வீட்டு மருந்துதானே என்று நினைத்ததாகப் பின்னாளில் அவனே என்னிடம் சொன்னான். அப்பாவைப் போலவே சிங்கப்பூருக்குப் போனான். குடித்துவிட்டு வேலைக்கு வந்தான் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கல்யாணமும் நிலைக்கவில்லை.

இப்போது அப்பா இல்லை, அந்தப் பெட்டியும் இல்லை. "மருந்து" என்ற சொல்லும் எங்கள் வீட்டைவிட்டுப் போய்விட்டது. ஈரல் கெட்டுப் படுத்திருக்கும் தம்பிக்கு அம்மா "மாத்திர போட்டுக்கப்பா" என்றுதான் கொடுக்கிறாள். பாட்டிலில் வருவதை "டானிக்" என்கிறாள். போன வாரம், ஆறாம் வகுப்புக்குப் போகவிருக்கும் என் மகன், மாமாவுக்கு என்ன வியாதி என்று கேட்டான். தண்ணீர் டம்ளரோடு நின்ற அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். தம்பிதான் அவனைக் கட்டிலில் உட்காரச் சொன்னான்.

"சாராயம் குடிச்சுக் கெட்டுப்போச்சுடா. பாட்டில் வெளிநாடா இருந்தாலும் அது சாராயந்தான். நாளைக்கு எவனாவது நீட்டுனா, வேற பேரு சொல்லுவான், நம்பாத."

சொல்லி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.