தர்மத் தோட்டத்தில் கம்பி போன வழி

கண்டிப் பக்கத்துக் கெலிஓயாவில் பளீல் நானாவைத் தெரியுமா என்று கேட்டால் பாதிப் பேர் "கயிற்றுக்காரர்தானே" என்பார்கள். மீதிப் பேர் சொல்வதை இங்கே எழுத முடியாது.

சந்தியில் அவருக்கு ஒரு ஹாட்வெயார் கடை. ஆணி, குழாய், பெயின்ட், கூரைத் தகரம். ஆனால் அவர் சுமந்தது கடையை அல்ல, கடைக்குப் பின்னால் இருந்த தர்மத் தோட்டத்தை. பிள்ளையில்லாத ஒரு முஸ்லிம் வியாபாரி அந்தக் காலத்தில் அல்லாஹ்வின் பெயரால் விட்டுப்போன காணி அது. அதில் விளையும் தேங்காய், மிளகு, கராம்பு எல்லாம் ஏழைகளுக்குப் போக வேண்டும். இன்னார் இனியார் என்று பார்க்கக் கூடாது. காணியை விற்கவோ கைமாற்றவோ யாருக்கும் உரிமை இல்லை. பார்த்துக்கொள்ள ஒரு ஆள் மட்டும். முதலில் அவருடைய வாப்பா முஹைதீன், பிறகு இவர்.

வாப்பா நல்ல மனுசன். வந்த வினையே அதுதான். அறுபதுகளில் ஒருவன் வந்து, ஒரு போகத்துக்கு மட்டும் லொறி போக வழி விடுங்கள் என்று கேட்டான். விட்டார். அந்த ஒரு போகம் பல வருசம் ஓடியது. இத்தனை வருசம் யாரும் மறிக்காததால், கடைசியில் நீதிமன்றத்தில் அது லொறிக்காரனின் வழி என்று தீர்ந்துவிட்டது. வழிக்கு அந்தப் பக்கம் கிடந்த துண்டும் மெல்ல அடுத்தவன் வேலிக்குள் போய்விட்டது. "தர்மத்தத் தொலைச்சவன்ட மகன்" என்று பள்ளிவாசல் முற்றத்தில் ஒருவர் சொன்னதைப் பளீல் நானா தன் காதால் கேட்டார்.

அன்றிலிருந்து மனுசன் மாறிப் போனார். தோட்டத்தின் நடுவால் ஒரு ஒற்றையடிப் பாதை உண்டு. பின்னால் இருக்கும் லயத்துச் சனம், வரிசை வீடுகளில் குடியிருக்கும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள், ரோட்டுக்கு வருவது அதன் வழியாகத்தான். வருசத்தில் ஒரு நாள் அதன் வாயில் கயிறு கட்டி, பக்கத்தில் கதிரை போட்டு, பொழுது சாயும்வரை உட்கார்ந்திருப்பார். இப்படி ஒரு நாள் அடைத்தால், சனம் நடப்பது உரிமையால் அல்ல, இவர் விட்டதால்தான் என்று ஆகும். ஒரு சட்டத்தரணி சொல்லிக் கொடுத்த வழி. அன்றைக்கு லயத்தில் இருந்த நாங்கள் எல்லோரும் ஆற்றோரமாகச் சுற்றிக்கொண்டு போவோம், போகிற வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டு.

எண்பத்து மூன்று கலவரத்தில் தமிழர் கடைகள் எரிந்தபோது லயமே அந்தத் தோட்டத்துக் கொட்டிலில்தான் ஒளிந்திருந்தது. பளீல் நானா கேட்டைப் பூட்டிவிட்டு வெளியே நின்றார். எங்களைத் தேடி வந்தவர்களைப் பேசித் திருப்பி அனுப்பினார். சோறும் வந்தது. எல்லாம் அடங்கி நாங்கள் வெளியே வரும்போது, அதே மனுசன் கேட்டடியில் நின்று ஒவ்வொருவரிடமும் கேட்டார்: "நீங்க எங்கட அனுமதியிலதானே உள்ளுக்கு ஈந்தீங்க?"

லயத்துக் காளிமுத்து, அப்போதே பல் போன கிழவன், நின்று சொன்னான்: "இல்லீங்க மொதலாளி, கல்யாண வீடுன்னு நெனச்சு வந்துட்டோம்."

பளீல் நானா சிரிக்கவில்லை. "அனுமதியில எண்டு சொல்லிட்டுப் போங்க" என்றார். கிழவன் சொல்லிவிட்டுத்தான் போனான்.

இப்படிப்பட்ட ஆளிடம்தான் இரண்டாயிரத்து ஏழில் இன்டர்நெட் கம்பிக்கு வழி கேட்டுப் போனோம். கம்பனி அதிகாரி நவரட்ணராஜா யாழ்ப்பாணத்து மனுசன், மரியாதையாகப் பேசுவார். குழி வெட்டும் வேலை என்னுடைய ஆட்களுக்கு. ரோட்டுவரை கம்பி வந்துவிட்டது. மேலே இருக்கும் வீடுகளுக்கும் லயத்துக்கும் போக வேறு வழியில்லை. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் கற்பாறை.

"ஐயா, நிலத்துக்குக் கீழதான் போகும். மூடினாப் பிறகு இருக்கிறதே தெரியாது" என்றார் நவரட்ணராஜா.

"தெரியாததுதான் பயம்" என்றார் பளீல் நானா. "லொறி எண்டா கண்ணுக்குத் தெரியும். ஆள் நடந்தா கயிறு கட்டலாம். மண்ணுக்குள்ள போறதுக்கு நான் எங்க கயிறு கட்டுற?"

"தர்மத்துக்கு வாடகையும் தருவம்."

"காணி போனா அந்த வாடகையால காணி வாங்கேலாது தம்பி. டீ குடிச்சிட்டுப் போங்க."

குடித்துவிட்டு வந்தோம். மறுபடி போனோம். மறுபடியும் டீதான் கிடைத்தது.

அந்த நோன்பு மாசம் தோட்டத்துக் கொட்டிலில் அரிசி கொடுத்தார்கள். லயத்து வேலாயியும் வரிசையில் நின்றாள். புருசன் இல்லாதவள், ஒரே மகள் சந்திரிகா. அந்தப் பிள்ளை படித்து, கண்டியில் ஒரு அலுவலகத்தில் கொம்பியூட்டரில் தட்டச்சு வேலை பார்த்தது. பஸ்ஸில் குண்டு வெடித்த காலம். தமிழ்ப் பெயர் போட்ட அடையாள அட்டையோடு தினமும் சோதனைச் சாவடி தாண்டிப் போய் வர வேண்டும். நான் வேலைக்கு மூங்கில் எடுத்துப் போக வந்து பக்கத்தில்தான் நின்றேன். தன் முறை வந்ததும் வேலாயி அரிசிப் பையை வாங்கி, திரும்ப மேசைமேல் வைத்தாள்.

"இது வேணாங்க நானா."

"ஏன், போன முறை புழு ஈந்ததா?"

"அரிசி நல்லாத்தான் இருந்துச்சு. எனக்குக் கம்பிய விடுங்க. கம்பி வந்தா மக வீட்டுல இருந்தே வேல செய்யலாம்னு ஆபீசுல சொல்லிட்டாங்க."

"அது வேற கத. வரிசைய மறிக்காதீங்க."

"ரெண்டு தடவ பஸ்ஸ விட்டு எறக்கிக் கொண்டு போயிட்டாங்க அவள. ஒருவாட்டி ராவு வரைக்கும் விடல. இன்னொருவாட்டி போனா நான் எங்கன்னு போய்த் தேடுறது? அரிசி வருசத்துல ஒரு நாளு குடுக்குறீங்க. கம்பிய விட்டா அவ தெனமும் சம்பாரிச்சுத் திம்பா. ஒங்க வரிசையில ஒரு ஆளு கொறையும்."

பளீல் நானா பையை அவள் பக்கம் தள்ளினார். அவள் எடுக்கவில்லை, போய்விட்டாள். பின்னால் நின்றவர் கை நீட்டினார். நானா கொடுக்க மறந்து பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெருநாள் முடிந்து ஒரு காலையில் நான் வேலை செய்யும் இடத்துக்கே வந்துவிட்டார்.

"அந்தக் கம்பிய நடுவுல வெட்டேலுமா?"

"வெட்டினா கெட்டுப்போகும் நானா."

"வெட்ட இல்ல. கழட்டி, திரும்பப் பூட்ட."

"பொட்டி வெச்சு எணச்சா கழட்டலாம். எதுக்கு?"

சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கே நின்ற நவரட்ணராஜாவும் சிரித்தார், பிறகு நிறுத்திக்கொண்டார். நிபந்தனை இதுதான்: கேட்டடியில், தோட்டத்து மதிலுக்குள், இணைப்புப் பெட்டி இருக்க வேண்டும். வருசத்தில் ஒரு நாள், ஒரு மணித்தியாலம், கம்பனி ஆள் வந்து கம்பியைக் கழற்ற வேண்டும்.

"ஐயா, இப்பிடி ஒருத்தரும் கேட்டதில்ல" என்றார் நவரட்ணராஜா.

"மத்தவங்கட வாப்பா லொறி விட இல்ல" என்றார் பளீல் நானா.

கம்பனி ஒத்துக்கொள்ள மாசங்கள் போயின. பள்ளிவாசலிலும் கூட்டம் நடந்தது. திரும்பவும் காணி போனால் என்ன செய்வாய் என்று கேட்டார்களாம். "போனா என்ட பெயரச் சொல்லி ஏசுங்க, வாப்பாட பெயர விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

வேலை தொடங்கிய அன்று என் ஆட்கள் மண் வெட்டும் முன் தேங்காய் உடைக்க வேண்டும் என்றார்கள். "ரோட்டுல ஒடச்சிட்டு உள்ளுக்கு வாங்க" என்றார் நானா. உடைத்துவிட்டுப் போனோம். அடுத்த நாள் ஆமிக்காரர் வந்துவிட்டார்கள். தமிழ் ஆட்கள் குழி வெட்டுகிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். எங்களை வரிசையில் நிற்க வைத்து அட்டைகளை வாங்கினார்கள். பளீல் நானா கடையிலிருந்து சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். இது தர்மக் காணி, பொறுப்பு நான், என் அனுமதியில்தான் வெட்டுகிறார்கள் என்று சிங்களத்தில் சொன்னார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார், அட்டைகள் எங்கள் கைக்கு வரும்வரை. பிறகு குழி மூடும்வரை தினமும் கடையை மகனிடம் விட்டுவிட்டு, கதிரையை எடுத்து வந்து குழியோரத்தில் உட்கார்ந்தார்.

கம்பி மேலே போனது. சந்திரிகா பஸ் ஏறுவதை நிறுத்தினாள்.

அடுத்த வருசம் சொன்னபடி ஒரு காலையில் கம்பனிப் பையன் வந்து பெட்டியைத் திறந்து கம்பியைக் கழற்றினான். மேலே இருந்து சனம் இறங்கி வந்துவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் மகனோடு பேச்சு பாதியில் அறுந்துவிட்டது என்று ஒருவர் கத்தினார். நானா கதிரையில் அசையாமல் இருந்தார். சந்திரிகா கடைசியாக வந்தாள்.

"நானா, ஒரு மணி நேரத்துக்கு மேல போச்சுன்னா ஒங்ககிட்டத்தான் சம்பளம் கேப்பேன்."

"நீங்க யார்ட அனுமதியில கம்பி வச்சீக்கிறீங்க மகள்?"

"ஒங்க அனுமதியிலதான்."

"எல்லாருக்கும் கேக்குற மாதிரிச் சொல்லுங்க."

உரக்கச் சொன்னாள். பெரியவர்களெல்லாம் அவளுக்குப் பின்னால் அதையே முணுமுணுத்தார்கள். நேரம் முடிந்ததும் கம்பனிப் பையன் கம்பியைப் பூட்டினான். அவள் மேட்டில் ஏறிப் போய், வந்துவிட்டது என்று அங்கிருந்தே கை காட்டினாள்.

பளீல் நானா கதிரையை மடக்கி என்னிடம் தந்தார்.

"மேல இன்னும் கம்பி இல்லாத வீடு ஈக்குதா?"

"லயத்துல பாதிக்கு இல்ல நானா."

"வரச் சொல்லுங்க" என்றார். "அனுமதி கேட்டுட்டு வரச் சொல்லுங்க."