ஒன்பது பகுதி கேட்டவனின் பரிந்துரை

எந்தப் பாட்காஸ்ட் கேட்கலாம் என்று என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு. எழுபத்து நான்கு வயதுக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது என்று தோன்றும். ஆனால் என் அளவுக்குக் கேட்க வேறு யாருக்கும் நேரம் கிடையாது. திங்கள், புதன், வெள்ளி காலை ஏழு மணிக்கு எனக்கு டயாலிசிஸ். ஒரு தடவைக்கு இருநூற்று நாற்பது நிமிடம். இடது கையில் இரண்டு ஊசிகள் இருக்கும். அந்தக் கையை அசைக்கக் கூடாது. முதலில் செய்தித்தாளை ஒரு கையால் புரட்டிப் பார்த்தேன். தாள் தரையில் விழுந்தது. நர்ஸ் இரண்டு தடவை எடுத்துக் கொடுத்தார். மூன்றாம் தடவை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகுதான் மகள் என் போனில் பாட்காஸ்ட் வைத்துக் கொடுத்தாள்.

இதுவரை பதினான்கு தொடர்கள் கேட்டிருக்கிறேன். அவற்றில் கேட்கத் தகுந்தவை மூன்று. ஓய்வு பெற்ற நீதிமன்ற எழுத்தர் ஒருவர் பழைய வழக்குகளைச் சொல்லும் தொடர் முதலாவது. குரலை ஏற்றி இறக்க மாட்டார், பின்னணி இசை கிடையாது. வரப்புத் தகராறு ஒன்றை ஐம்பத்தைந்து நிமிடம் சொன்னார்; ஒரு நிமிடம்கூட வீணில்லை. இரண்டாவது, சாப்பாட்டைப் பற்றி இரண்டு நண்பர்கள் பேசிக்கொள்வது. பாதி நேரம் சிரிப்புதான் என்றாலும் கேட்கலாம். ஆனால் என்னைப் போல நாளுக்கு எழுநூற்றைம்பது மில்லி தண்ணீர் என்று கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் அவர்களுடைய மோர் பகுதியைத் தவிர்ப்பது நல்லது. நான் தவிர்க்கவில்லை. அன்று இருநூறு மில்லி கூடிவிட்டது.

இந்த இரண்டையும் எழுத எனக்குத் தயக்கமில்லை. மூன்றாவதைப் பற்றி எழுதுமுன் நான் செய்த ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும்.

ஆஸ்பத்திரியில் எனக்குப் பக்கத்துப் படுக்கை சீவலப்பேரிக்காரர் ஒருவருடையது. ஐம்பத்தோரு வயது, ஒன்றரை ஏக்கர் குத்தகை வயல். நான்கு மணி நேரமும் மேலே மின்விசிறியைப் பார்த்தபடி கிடப்பார். ஒருநாள் விவசாயத் தொடர் ஒன்றை அவருக்கு அனுப்பினேன். நாற்று, உரம், பூச்சி என்று விவரமாகப் பேசுகிற தொடர். மொத்தம் நாற்பத்தொரு பகுதி.

"எல்லாமே நல்லா இருக்கும் வே. கண்ண மூடிக்கிட்டுக் கேளும்" என்றேன்.

நான் கேட்டிருந்தது ஒன்பது பகுதி. முப்பத்து நான்கு ஆண்டுகள் கால்வாய்த் தண்ணீரை அளந்து எழுதுகிற வேலை பார்த்தவன் நான். அளவுகோலைக் கண்ணால் பார்க்காமல் ஒரு நாளும் பதிவேட்டில் எழுதியதில்லை. அப்படிப்பட்டவன் மிச்சம் முப்பத்திரண்டு பகுதிக்கும் சேர்த்து நற்சான்று கொடுத்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை அவர் வரவில்லை. வெள்ளிக்கிழமையும் படுக்கை காலி. ஆறு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டபோது, ஊரில் வேலையிருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டாராம். சனிக்கிழமை காலை டவுன் பஸ்ஸில் சீவலப்பேரிக்குக் கிளம்பினேன். வழியெல்லாம் மனதுக்குள் ஓடியது ஒரே கணக்குதான்: கடைசியாக மெஷினில் படுத்தது திங்கள், இன்று ஐந்தாம் நாள்.

வீட்டில் அவர் சுவரில் மூன்று தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் ஊதியிருந்தது. பாதத்தில் செருப்பு வாரின் தடம் பள்ளமாகத் தெரிந்தது.

"ரெண்டு நாளா படுக்க முடியல. உக்காந்தவாக்குலதான் ஒறங்குதாவ" என்றார் அவர் மனைவி. "ஆஸ்பத்திரிக்கிப் போவம்னா கேக்க மாட்டேங்காவ."

"என்ன வே இது?"

"வாங்க சார். நீங்க குடுத்தததான் சார் கேட்டேன்." இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினார். "இருபத்தி மூணாவதுல ஒருத்தரு வாராரு. மூக்கிரட்டைக் கீரைச் சாறு குடிச்சி அவருக்குச் சிறுநீரகம் நல்லாயிட்டாம். ஒரு மாசத்துல மெஷினே வேண்டாம்ங்காரு."

"நான் அதக் கேக்கவே இல்லையே வே."

"கேக்காமலா சார் எனக்கு அனுப்புனீங்க?"

"நீங்க படிச்ச ஆளு அனுப்பிருக்கீகன்னுதான் நம்பிட்டாவ" என்று மனைவி சொன்னார். அதில் கோபம் இல்லை. அதனால் எனக்குக் கூடுதலாகச் சுட்டது.

அந்தப் பகுதியைச் சத்தமாக வைக்கச் சொன்னேன். மூன்று பேரும் கேட்டோம். முப்பத்தெட்டு நிமிடம். 'நல்லாயிடுச்சு' என்று அந்த மனிதர் பதினோரு தடவை சொன்னார். இரத்தப் பரிசோதனையில் முன்பு என்ன அளவு, பிறகு என்ன அளவு என்று ஒரு எண்கூடச் சொல்லவில்லை.

"இவரு என்னைக்காவது மெஷின்ல படுத்தேன்னு சொன்னாரா வே?"

அவர் யோசித்தார். போனைக் கையில் எடுத்து, திரும்பக் கொஞ்சம் ஓட்டினார். பிறகு கீழே வைத்துவிட்டார்.

"சொல்லல."

"நானும் நாலு நாளா இதத்தான சொல்லுதேன்? நான் சொன்னா ஏறுமா? போன் சொன்னா ஏறும்" என்றார் மனைவி.

"நீ சும்மா கெட." பிறகு என்னைப் பார்த்தார். "நடவு நேரம் சார். வாரத்துல மூணு நாளு உங்ககூடப் படுத்துருக்கேன். வீட்டுக்கு வந்தா அன்னைக்கெல்லாம் அசதி. மறுநாளும் பாதி போயிருது. மிச்சம் எனக்கு எத்தன நாளு? அந்த ஆளு காதுக்குள்ள வந்து, ஏழு நாளும் ஒனக்குத்தான்னு சொல்லுதாரு. எனக்குன்னே சொல்லுத மாதிரி இருந்துச்சி. ஏழு நாளும் வேணும்னு ஆசப்பட்டுட்டேன்."

எட்டு மாதம் பக்கத்தில் படுத்திருந்தேன். என் நிமிடங்களை எண்ணியிருக்கிறேன், என் மில்லியை எண்ணியிருக்கிறேன். அவருடைய நாட்களை எண்ணவில்லை.

"கெளம்பும் வே" என்றேன்.

"திங்கக்கெழம நானே வந்துருதேன் சார்."

"திங்கக்கெழம வரைக்கும் நீரு இருக்க மாட்டீரு."

சொல்லியிருக்கக் கூடாது. மனைவியின் முகம் மாறியது. அதை அவரும் பார்த்தார். கடைசியில், "சட்டய எடு" என்றார் மனைவியிடம். ஆட்டோவுக்கு அவரை நடத்திக் கூட்டிப்போக, பன்னிரண்டு தப்படித் தூரத்தில் இரண்டு தடவை நிற்க வேண்டியிருந்தது. ஆட்டோக்காரர், "பைய ஏறுங்க அண்ணாச்சி, அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு, ஏறியதும் பறந்தார்.

ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள். ஆறு கிலோ கூடுதல், எல்லாம் தண்ணீர். டாக்டர் என்னையும் சேர்த்துத்தான் திட்டினார். காரணம் சொன்னேன், இன்னும் கொஞ்சம் திட்டினார். ஆக்சிஜன் வைத்து, ஒரு மணிக்கு மெஷினில் போட்டார்கள்.

அன்று என் முறை இல்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் அந்த அம்மாளும் நானும் உட்கார்ந்திருந்தோம். இரண்டே கால் மணி வாக்கில் உள்ளே சீவலப்பேரிக்காரர் கட்டிலின் தலைப்பக்கத்தை நர்ஸ் கொஞ்சம் இறக்கினார். மூன்றரைக்கு இன்னும் கொஞ்சம். அவர் ஒருக்களித்துத் தூங்குவது கதவு வழியே தெரிந்தது. அந்த அம்மாள் எழுந்து பார்த்துவிட்டு வந்து, அன்று முதன்முதலாக முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்.

"இன்னும் எம்புட்டு நேரம் சார்?"

"ஒன்றரை மணி நேரம்."

"உங்க போன்ல எதயாவது வைங்க. சும்மா இருந்தா மனசு என்னமும் நெனைக்கி."

தயங்கினேன். நான் சொல்ல வந்த மூன்றாவது தொடர், குளத்துப் பறவைகளைப் பற்றி ஒரு பெண் பேசுவது. மொத்தம் பத்தொன்பது பகுதி. அதைத் தேடி எடுத்தேன்.

"இது நீங்க முழுசும் கேட்டதா?"

"பத்தொன்பதும் கேட்டேன் அம்மா. சிலத ரெண்டு தடவ."

காதுக் கருவியில் ஒன்றை அவரிடம் கொடுத்து, மற்றதை நான் வைத்துக்கொண்டேன். நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் மூடாமல் இருப்பது ஏன் என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிடம் கவனமாகக் கேட்டவர், சந்தேகத்தோடு என் பக்கம் திரும்பினார்.

"இந்தப் புள்ள எதுக்கும் மருந்து சொல்லாதுல்லா?"

"சொல்லாது. பறவையப் பத்தி மட்டுந்தான்."

"பறவைன்னா சரி" என்று சொல்லிவிட்டு, கருவியைக் காதில் நன்றாக அழுத்திக்கொண்டார்.