ஒலிபெருக்கி கரகரத்தபோது

எனக்குச் சட்டை தைக்கும் கல்முனைத் தையல்காரர் மெலிந்தவர். அளவு நாடா கழுத்தைவிட்டு இறங்காது. தொழுகை நேரமல்லாதபோது பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தால், மரண அறிவித்தல் தொடங்குமுன்பே தன் மூத்த சகோதரிக்குப் போன் எடுப்பார். “ஹலோ” என்ற குரல் கேட்டதும் வைத்துவிடுவார்.

“ராத்தாக்குச் சுகமில்லையா?” என்று கேட்டேன்.

“சுகமாத்தான் இரிக்கா. தம்பியும் சுகமாத்தான் இருந்தான். அவன்ட மௌத்த நாங்க ரெண்டு பேரும் இந்த ஸ்பீக்கர்லதான் கேட்டம்.”

போன வாரமும் கரகரத்தது. எடுத்தார், லைன் பிஸி. மறுபடியும் பிஸி. செருப்பைக்கூடப் போடாமல் தெருவில் இறங்கி ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். சந்தியில் அவர் போன் அடித்தது.

“ஆரோடடா கதைச்ச?” ராத்தாவின் அழுகை எனக்கே கேட்டது.

“ஒங்களுக்குத்தான் ராத்தா எடுத்தன்.”

“நானும் ஒனக்குத்தான்டா எடுத்தன்.”

இறந்தவர் யார் என்பது எங்கள் மூவரில் ஒருவர் காதிலும் விழவில்லை.