வாய்க்காலுக்குக் கீழே ஒரு தெரு

முரசுமோட்டைப் பக்கம் வாய்க்காலுக்கு அடியால் தெரு போட்ட கதையை நினைத்தால் எனக்கு இப்போதும் தலையிடிக்கும். அறுபதுகளில் நான் நீர்ப்பாசன வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியர்.

இரணைமடுக் குளத்து வாய்க்கால் அந்த இடத்தில் உயர்ந்த அணையின் மேலால் ஓடும். நெல் வண்டிகள் ஏறிக் கடக்கும்போதெல்லாம் கரை உடைந்தது. பாலம் போட்டால் ஏற்றத்தில் மாடுகள் முழங்காலில் விழும். ஆகவே தெருவைக் கீழே இறக்கி, கொங்கிறீட் பெட்டியாகச் சுரங்கம் கட்டி, அதற்கு மேலால் வாய்க்காலை விடுவதென்று முடிவாயிற்று. தண்ணீர் மறித்த காலத்தில் வாய்க்காலை வெட்டிப் பெட்டியைக் கட்டினோம். இரண்டு பக்கச் சுவரோரமும் களிமண் நிரப்பி இறுக்க வேண்டும். அந்த இறுக்கத்தில்தான் எல்லாம் இருக்கிறது. சுவருக்கும் மண்ணுக்கும் இடையில் நூலளவு வழி கிடைத்தாலும் தண்ணீர் அதைப் பெருப்பித்து அணையையே கொண்டுபோய்விடும்.

மண் இறுக்க றோலர் வருகிறது, வருகிறது என்றார் எஞ்சினியர். எங்கே வந்தது? ஆட்களை விட்டுத் திமிசுக் கட்டையால் இடித்தோம்.

இதற்குள் நாகம்மா அக்கா. வாய்க்காலின் கடைசி வயல் அவருடையது. தெருவை நாங்கள் வெட்டிவிட்டதால், காலையும் மாலையும் எருமைப் பட்டியை எங்கள் ஈரக் களிமண்ணின் மேலாலேயே ஓட்டுவார். மேற்குப் பக்கத்தைக் கம்பி அடித்து மறித்தேன். கிழக்குப் பக்கத்துக்குக் கம்பி போதவில்லை.

“அக்கா, எத்தினை தரம் சொல்லிறது? இது அரசாங்க வேலை!”

“தெருவை வெட்டிப்போட்டு எங்களைப் பறந்து போகச் சொல்லுறியளோ தம்பி?”

ஒவ்வொரு நாளும் இதே சண்டை. எருமைகளைக் கலைத்துக் கலைத்தே என் தொண்டை போயிற்று.

சிறுபோக நெல் விதைப்புக்குத் தண்ணீர் திறந்தார்கள். அன்றே மேற்குச் சுவரோரம், சுரங்க வாயில் ஊற்றடித்தது. ஓடிப்போய்த் தண்ணீரை மறித்தோம். எஞ்சினியர் கிழக்கு ஓரத்தையும் தடவிப் பார்த்தார். பொட்டு ஈரம் இல்லை.

“இஞ்சால என்ன செய்தனீர்?”

“எருமை நடந்தது, ஐயா.”

அவர் என்னைப் பார்த்த பார்வை! மேற்கைக் கிண்டி மறுபடி கையால் இடிக்க ஒரு மாதம் பிடிக்கும். கடைசி வயல்களில் அப்போதுதான் விதைத்திருந்தார்கள். அந்த வெயிலுக்கு முளை ஒரு கிழமை தாங்காது. வேறு வழியில்லை. நானே நாகம்மா அக்காவின் படலையடிக்குப் போனேன்.

“அக்கா, எருமையளைக் கொண்டு வாங்கோ.”

“ஏன், கலைக்கிறதுக்கோ?”

“மிதிக்கிறதுக்கு.”

அவர் சிரிக்கவில்லை. “என்ர முளை வாடுது, தம்பி. அதுக்காகத்தான் வாறன். உங்களுக்காக இல்லை.” அயலவர்களின் எருமைகளையும் சேர்த்துக்கொண்டு வந்தார். விதைக்குமுன் வயல் மிதிப்பதுபோலவே, நாங்கள் மேற்கைக் கிண்டி மண் கொட்டக் கொட்ட அவை சுற்றிச் சுற்றி மிதித்தன. முளை கருகுமுன் தண்ணீர் விட்டோம். மேற்கிலும் பொட்டு ஈரம் இல்லை. கடைசி வயல்வரை தண்ணீர் போனது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வேலைத்தலத்துக்குள் ஆராவது சண்டைக்கு வந்தால், கலைக்கலாம், அதற்குமுன் அவர் மிதித்த இடத்தையும் ஒருக்கால் பாருங்கள்.

சுரங்கம் திறந்த கிழமையே பஸ் உள்ளே நின்று கோர்ன் அடித்தது. போய்ப் பார்த்தால், நல்ல நிழல் கண்டு நாகம்மா அக்காவின் எருமைகள் தெரு முழுக்கப் படுத்திருக்கின்றன. பக்கத்தில் அவர்.

“எங்க, கலையுங்கோ பாப்பம்” என்றார்.

பஸ்காரனைத்தான் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன்.